எந்தத் தோள்

ஃப்ரூட்டிகன். நவம்பர். சனிக்கிழமை.
குறி பழகும் கொட்டகையின் மேசையில்
ஒரு கம்பளி, அதன்மேல் இரண்டு:
வின்செஸ்டர், மார்லின்.
என் காசுக்கு ஒன்றுதான்.
தபால் நிலையத்தில் இரவெல்லாம் கடிதம் பிரித்து
பதினொரு மாதம் மிச்சம் பிடித்த காசு.

வின்செஸ்டர் வெரேனா அம்ஸ்டுட்ஸுடையது.
மார்லின் அவள் கணவர் ஊர்ஸுடையது.
முப்பது வருஷமாய் ஒரே கட்டில்,
தோட்டாப் பெட்டி மட்டும் தனித்தனி.
நான் எதை எடுக்கிறேனோ அவர் ஜெயித்தவர்,
ஜெயித்தவர் கையில் ஒன்றும் மிஞ்சாது.
இதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

"தூக்கிப் பார்" என்றாள் வெரேனா.
நடுவில் பிடித்தேன்.
அகப்பையைப் போல் ஒரு கைக்குள் நின்றது.
லீவரை இறக்கியதும் அடித்தகடு சரிந்து
உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிந்தது.
ஒளிக்கத் தெரியாத பிறவி.

மார்லின் கொஞ்சம் தடிப்பு.
அதன் லீவர் மூடும்போது
நகைப்பெட்டி பூட்டுகிற சத்தம்.
தலை மூடியது, பனி கொட்டினாலும் உள்ளே போகாது என்றார் ஊர்ஸ்.
ஒரே ஒரு திருகைக் கழற்றினால் போதுமாம்,
பின்பக்கமிருந்தே குழலைத் துடைக்கலாமாம்.
"அவளுடையதைப் பிரிக்கப் போனால் ஞாயிற்றுக்கிழமை போச்சு."
மேலே தொலைநோக்கி பூட்டலாம்,
"உனக்கும் ஒருநாள் கண் மங்கும்."
"மங்கினால் கிட்டப் போய்ச் சுடுவாள்" என்றாள் வெரேனா.

நான் நொட்டாங்கைக்காரி.
கழகத்துத் துப்பாக்கிக்கு வலப்பக்கம்தான் கைப்பிடி.
ஒவ்வொரு சூட்டுக்கும் குறுக்கே கைபோட்டு
அடுத்தவர் தட்டில் சோறு எடுப்பதுபோல் இழுக்க வேண்டும்.
பேர்ன் கோயிலில் விபூதிக்கு நீட்டி
சட்டென்று இழுத்துக்கொண்ட கை இது.
லீவரோ கீழே, நடுவில் கிடக்கிறது.
எந்தக் கை என்று கேட்பதில்லை.

இரண்டிலும் ஐந்து ஐந்து.
மார்லின் கோதுகளை வலப்பக்கம் எறிந்தது.
இடத்தோளில் வைத்த எனக்கு
ஒவ்வொன்றும் மூக்குக்கு முன்னால் மின்னிக்கொண்டு போனது.
ஆனாலும் ஐந்து துளையும்
ஒரு தேநீர்க் கோப்பைக்குள் அடங்கின.
வின்செஸ்டருக்குச் சாப்பாட்டுத் தட்டு வேண்டும்.
அது கோதுகளை வானத்துக்கு எறிந்தது.
நான்கு எங்கோ விழுந்தன.
ஐந்தாவது உயரப் போய், யோசித்து,
என் சட்டைக் கழுத்துக்குள் இறங்கியது.

நான் போட்ட கூச்சலில் மலை இரண்டுமுறை கூவியது.
ஊர்ஸ் சிரித்தார்.
வெரேனா சிரிக்கவில்லை, தன் கழுத்துப்பட்டையை விலக்கிக் காட்டினாள்.
குன்றிமணி அளவில் மூன்று தழும்பு.
"பத்து வருஷத்துக்கு ஒன்று.
கல்யாணத்துக்கு இது பரவாயில்லை."

எல்லாக் கணக்கும் மார்லினுக்கே வந்தது.
அனுமதித் தாளில் அதன் எண்ணை எழுதினேன்.
வெரேனா தன்னுடையதை உறையில் இட்டாள்.
ஊர்ஸ் வெறுங்கையோடு நின்று
அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் ஒரு சொல் இல்லை.
ஊர்த் தமிழில் துப்பாக்கிக்குத் துவக்கு என்று பெயர்.
ஆரம்பி என்பதற்கும் அதுவே.
அம்மா இரண்டு பொருளிலும் அதைத் தொடுவதில்லை.
மழை, வழக்கு, பள்ளிக்கூடம், இடுப்புவலி
எல்லாமே எங்கள் வீட்டில் தொடங்கும்.

இரவு அவள்தான் கண்டாள்.
"என்ன இது கழுத்திலை?"
"அடுப்பு."
களிம்பை எடுத்து வந்து, குனியச் சொல்லி,
விரல் நடுங்காமல் பூசினாள்.
"அடுப்பு மேலாலை வந்து விழாது பிள்ளை."
மூடியைத் திருகி மூடினாள்.
விளக்கை அணைக்கப் போனவள்
திரும்பாமலே கேட்டாள்:
"எந்தத் தோளிலை வைச்சனீ?"